கடைசியில் ஒரே கணக்குத்தானே

ஒரு வாக்கியம் மூன்று மாதமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சொன்னவள் என் அக்கா. பக்கத்து ரீயூனியன் தீவில் சேன் ஆந்த்ரே ஊரில் வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவோம். அன்றைக்குப் பேச்சு எப்படியோ கொரோனா காலத்துக்குப் போனது. நான் வழக்கம்போல, அன்றைக்கு மொரிஷியஸ் கதவைச் சாத்தியதால்தான் தப்பித்தோம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடைசியில் ரெண்டு தீவுக்கும் ஒரே கணக்குத்தானே, தங்கச்சி" என்றாள். பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சான கிரியோலில் சொன்னது. எங்கள் இருவருக்கும் வீட்டுப் பேச்சு அதுதான். தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது.

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாக மொரிஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2020இல் எங்கள் தீவு செய்ததை வகுப்பில் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சின்ன நாடு, சீக்கிரம் முடிவெடுத்தது, உயிர்களைக் காப்பாற்றியது என்று. அக்காவின் வாக்கியத்தைப் பொய்யாக்கவே அன்றிரவு எண்களைத் தேடி உட்கார்ந்தேன். மொத்தக் காலத்துக்குமான அதிகாரப்பூர்வக் கணக்கில் மொரிஷியஸில் கொரோனா சாவு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 12 லட்சத்து 60 ஆயிரம். ரீயூனியனில் சாவு தொள்ளாயிரத்துக்கு மேல், ஜனத்தொகை சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம். தலைக்கு இத்தனை என்று வகுத்துப் பார்த்தால் நாங்கள் கொஞ்சம் தேவலை. ஆனால் நான் இத்தனை வருஷம் நம்பியிருந்த அந்தப் பெரிய வித்தியாசத்தைக் காணோம்.

இரண்டு தீவுக்கும் நடுவில் விமானத்தில் முக்கால் மணி நேரம். அதே கடல், அதே கரும்பு, அதே மாரியம்மன். ஒன்று தனி நாடு, மற்றது பிரான்சின் ஒரு மாவட்டம். அவ்வளவு வித்தியாசம் போதுமாயிருந்தது, ஒரே நோயை எதிர்கொள்ள இரண்டும் வேறு வேறு வழியில் போக.

எழுத்துக்கு ஒரு நாள்

மொரிஷியஸில் முதல் மூன்று பேருக்குத் தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 18. மறுநாளே எல்லையை மூடினார்கள். அதற்கும் மறுநாள் ஊரடங்கு. 24ஆம் தேதியிலிருந்து சூப்பர்மார்க்கெட்டும் மூடல், பேக்கரியும் மூடல். ரொட்டி இல்லாத தீவை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததே இல்லை. ஏப்ரல் 2இல் கடைகளைத் திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்கு ஏற்ப நாள் ஒதுக்கினார்கள். ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன். ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி. மீதி எல்லாருக்கும் புதன், சனி. எங்கள் பெயர் வீயில் தொடங்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஒருவர் போகலாம், உள்ளே அரை மணி நேரம், அரிசிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் அளவு உண்டு. வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்களில் பாதிப்பேர் வீராசாமிகளும் வேலாயுதன்களும். எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலில் இறங்கிய நாளில் ஒரு வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர், நான் எந்த நாளில் அரிசி வாங்கலாம் என்று முடிவு செய்தது. அந்த எண்ணம் வரிசையில் நின்றபோதே வந்தது. ஆனாலும் முறை நியாயமாகத்தான் இருந்தது. பெரிய இடத்துப் பெயருக்கும் அதே இரண்டு நாள்தான்.

அக்காவின் ஊரில் வேறு மாதிரி. பிரான்ஸ் முழுக்க மார்ச் 17இல் அடைப்பு தொடங்கியபோது ரீயூனியனுக்கும் அதே சட்டம்தான் வந்தது. வெளியே போகவேண்டுமென்றால் ஒரு தாளில் தன் பெயர், முகவரி, காரணம், கிளம்பிய நேரம் எல்லாம் தானே எழுதி, கீழே தானே கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக வேண்டும். காலாற நடக்க ஒரு மணி நேரம், வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர். தவறினால் 135 யூரோ அபராதம். அக்கா வீட்டில் பிரிண்டர் இல்லை. மகன் பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் கிழித்து எழுதினாள். 'என் மானத்தின் பேரில் சொல்கிறேன்' என்று ஒவ்வொரு தாளிலும் எழுத வேண்டியிருந்ததாம். எனக்கு அது அப்போது விநோதமாகப் பட்டது. தனக்குத் தானே அனுமதி எழுதிக்கொள்வதில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று கேட்டேன். "உன்னை வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். என்னைக் கேட்கிறார்கள்" என்றாள். அந்தப் பதிலை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

முதல் சுற்று முடிந்தபோது யார் ஜெயித்தது என்று பார்த்தால் அதிலும் ஒரு ஆச்சரியம். மே நடுவில் எங்களிடம் மொத்தம் 332 பேருக்கு வந்திருந்தது, 10 பேர் இறந்திருந்தார்கள், மற்ற எல்லாரும் குணம். புதிய தொற்று இல்லை. ரீயூனியனில் மே 11இல் அடைப்பைத் தளர்த்தியபோது நானூறுக்கு மேல் தொற்று, ஆனால் கொரோனாவால் ஒரு சாவுகூட இல்லை. அங்கே அந்தச் சமயத்தில் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது டெங்கு. அக்கா வீட்டில் மூன்று பேருக்கு வந்தது. சானிடைசர் வாங்க ஓடியதைவிடக் கொசு ஒழிக்கத் தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்ததுதான் அதிகம் என்பாள். 2006இல் சிக்குன்குனியா அந்தத் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்த ஊர் அது. தொற்றுநோய் அவர்களுக்குப் புதிதில்லை.

சாத்திய கதவுக்குள்ளே

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ரீயூனியனால் பாரிஸ் விமானத்தை ஒரேயடியாக நிறுத்த முடியாது. அது ஒரே நாட்டின் இரண்டு ஊர். ஆகஸ்டிலேயே அங்கே நோய் மறுபடி ஏறியது. முகக்கவசம், கூட்டத்துக்கு வரம்பு, இரவு ஊரடங்கு, கடற்கரையில் பிக்னிக் கூடாது என்று மாறி மாறி வந்தது. ரீயூனியன்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தடையின் கனம் புரியும்.

நாங்கள் கதவுக்குள்ளே சுதந்திரமாக இருந்தோம். இதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2020 ஜூலையில் பள்ளி திறந்தது. பிள்ளைகள் முகம் பார்த்துப் பாடம் நடத்தினேன். ஜூலைக் கடைசியில் பவளப்பாறையில் மோதிய வகாஷியோ கப்பலிலிருந்து ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் மாயேபூர் கரையில் தோளோடு தோள் உட்கார்ந்து எண்ணெயைத் தடுக்கும் மிதவைக்காகக் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்தோம். உலகத்தில் பல ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரரைத் தொடப் பயந்த மாதம் அது. 2021 ஜனவரி 28 தைப்பூசத்துக்கு என் மகன் காவடி எடுத்தான். அம்மா கூட்டத்தில் நின்று பார்த்தாள். அக்கா வீடியோவில் பார்த்தாள்.

ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். கப்பலில் வேலை செய்த பையன்கள், படிக்கப் போனவர்கள், வைத்தியத்துக்கு இந்தியா போனவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குத் திரும்ப மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்தவர்களுக்கு ஓட்டல் அறையில் 14 நாள். அப்புறம், பயணிகளை நம்பிப் பிழைத்த வீடுகள். 2019இல் சுமார் 14 லட்சம் பேர் சுற்றிப் பார்க்க வந்த தீவு இது. என் வீட்டுக்காரர் ஓட்டல் டாக்ஸி ஓட்டுகிறவர். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அரசு மாதம் 5,100 ரூபாய் கொடுத்தது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். வண்டிக் கடனுக்கே அது போதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கதவு சாத்தியிருந்ததில் இன்னொன்றும் நடந்தது, இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. நோய் என்பது வெளியே இருக்கும் பொருள் ஆகிவிட்டது. அது உள்ளே வந்தால் 'யார் கொண்டுவந்தது' என்பதுதான் முதல் கேள்வி. 2021 மார்ச்சில் மறுபடி தொற்று தலைகாட்டி, மகா சிவராத்திரிக்கு நடந்துபோன பக்தர்களைத் திருப்பி அனுப்பி, 10ஆம் தேதி ஊரடங்கு போட்டபோது எங்கள் தெருவில் பேசியதெல்லாம் அதுதான். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தக் கடைக்காரனுடைய மச்சான் எங்கே வேலை செய்கிறான். நானும் பேசினேன். அது இப்போது கூச்சமாக இருக்கிறது. இந்தத் தீவில் 'கொண்டுவந்தவர்கள்' என்ற பழி முதலில் விழுந்தது நம் முன்னோர்கள் மேல். 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்களில் காலரா என்று சொல்லி, கூலிகளைத் துறைமுகத்தில் இறக்காமல் வடக்கே கபிரியேல் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். தங்க இடமில்லை, தண்ணீர் போதவில்லை. அங்கேயே இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கூலிகள் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' படித்துறைக்குப் பிள்ளைகளை வருஷா வருஷம் அழைத்துப்போகிற டீச்சர் நான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தெருவில் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர், நவம்பர்

2021 அக்டோபர் 1இல் எல்லை முழுசாகத் திறந்தது. இரண்டு ஊசி போட்டு, 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர் சோதனையில் இல்லை என்று வந்தால் யாரும் வரலாம். அக்கா அந்த மாதம் 22ஆம் தேதி வந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது, சர்க்கரை உண்டு. இரண்டு கோவிஷீல்டு போட்டிருந்தாள். அக்கா வாசலில் நின்றபடி, "தொடலாமா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் போய்க் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் அம்மாவுக்குத் தலைவாரிவிட்டு, முறுக்குச் சுட்டு வைத்துவிட்டு, 29ஆம் தேதி அக்கா திரும்பினாள். நவம்பர் 4 தீபாவளி. 11ஆம் தேதி அம்மாவுக்குக் காய்ச்சல். 24ஆம் தேதி காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதப் போவதில்லை. அங்கே இருந்த நர்ஸ்கள் தூங்காமல் நின்றதை நான் பார்த்தேன். மூன்று நாள் அம்மாவைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை என்பதையும் மறக்கவில்லை. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. அன்றைக்கே எல்லாம் முடிந்தது. அக்காவால் வந்துசேர முடியவில்லை.

மறுநாள் டிவியில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய வகை வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் வைத்தது. அவர்கள் மறைக்கவில்லை, தாமதிக்கவில்லை. நாடு நாடாக விமானத்தை நிறுத்தியதுதான் அதற்குக் கிடைத்த கூலி. எங்கள் நாடும் நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் சித்தி மகள் அழுதுகொண்டே போன் செய்தாள், அம்மாவின் காரியத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். முதலில் பார்த்துச் சொன்னவர்களையே கொண்டுவந்தவர்கள் ஆக்கிவிட்டோம். என் துக்கத்தின் நடுவிலும் அது எனக்கு வலித்தது.

எண்களுக்குள் என்ன இருக்கிறது

சரி, அக்காவின் கணக்குக்குத் திரும்புகிறேன். ஆயிரத்தையும் தொள்ளாயிரத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத் தெரிகிறது. உள்ளே போனால் அப்படியில்லை. ரீயூனியனில் அந்தச் சாவுகள் அலை அலையாக, வருஷக்கணக்கில் பரவி விழுந்தவை. நடுவில் 2021 தொடக்கத்தில் மயோட் தீவிலிருந்து நோயாளிகளை விமானத்தில் கொண்டுவந்து அங்கே படுக்கை கொடுத்தார்கள். எங்களிடம் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் மிகக் குறைவாகவே இருந்தது, பிறகு 2021 கடைசி சில மாதங்களில் நூற்றுக்கணக்கில் குவிந்தது. தடுப்பூசி வருவதற்கு முன்னால் நாங்கள் யாரையும் பெரிதாக இழக்கவில்லை. தடுப்பூசி வந்த பிறகுதான் இழந்தோம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வெகுநாள் யோசித்தேன். கதவைச் சாத்தியது எங்களுக்குக் காலம் வாங்கிக் கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்தில் இந்தியா கொடுத்த ஒரு லட்சம் டோஸில் தொடங்கி அறுபது சதவீதத்துக்கு மேல் மக்களுக்கு இரண்டு ஊசி போட்டோம். அதுவும் சின்ன வேலையில்லை. ஆனால் வயதானவர்களுக்கு ஊசியின் பலம் குறைய ஆரம்பித்த மாதங்களில், மூன்றாவது ஊசி அவர்கள் கைக்கு வருமுன், கதவு திறந்தது.

நியூசிலாந்தும் அதே 2020 மார்ச் 19 அன்றுதான் வெளியாருக்குக் கதவைச் சாத்தியது. அவர்கள் 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு ஊசி போட்டு முடித்து, 2022இல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். அங்கே ஆட்டிறைச்சியும் பால்பொடியும் ஏற்றுமதியாகும், கதவு சாத்தியிருந்தாலும் கப்பல் போகும். எங்களுக்கு வெள்ளை மணலை ஏற்றுமதி செய்ய முடியாது. ஆட்கள் வந்தால்தான் சோறு. ஆகவே திறந்தது தப்பு என்று டாக்ஸிக்காரர் மனைவியாகிய நான் சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கும் குறை வேறு. சாத்தும்போது ஒவ்வொரு சாயங்காலமும் டிவியில் டாக்டர்கள் உட்கார்ந்து இன்றைக்கு எத்தனை, எங்கே, ஏன் என்று விளக்கினார்கள். நாங்கள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டோம். திறக்கும்போது அந்த மாதிரி யாராவது உட்கார்ந்து, இனி நோய் உள்ளே இருக்கும், உங்கள் வீட்டு வயதானவர்களுக்கு இன்னின்ன ஆபத்து, இன்னின்ன செய்யுங்கள் என்று அதே பொறுமையோடு சொல்லியிருக்க வேண்டும். எண்ணி வரிசையில் நிறுத்திப் பழகிய எங்களிடம், இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே நாளில் விட்டுவிட்ட மாதிரி இருந்தது. ரீயூனியனில் முதல் நாளிலிருந்தே ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் பலர் அதில் பொய் எழுதினார்கள், ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்தவர்கள் எங்களைவிட அதிகம். ஆனாலும் நோயோடு நடமாடுவது எப்படி என்று அவர்கள் இரண்டு வருஷம் பழகியிருந்தார்கள். அக்கா வாசலில் நின்று கேட்டாளே, தொடலாமா என்று. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியதே இல்லை.

பதிமூன்று நாள்

போன ஞாயிறு நானே போன் செய்தேன். உன் கணக்கைப் பார்த்துவிட்டேன், எண்ணிக்கை நீ சொன்ன மாதிரிதான், ஆனால் அதற்குள் இருக்கும் கதை வேறு என்று ஆரம்பித்து, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "பதிமூணு நாள்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் கிளம்பினது இருபத்தொன்பதாம் தேதி. அம்மாவுக்குக் காய்ச்சல் பதினொண்ணாம் தேதி. பதிமூணு நாள். உங்கள் ஊர் ஓட்டலில் எத்தனை நாள் வைத்தார்கள்? பதினாலு."

அப்போதுதான் விளங்கியது. இரண்டு தீவுக்கும் ஒரே கணக்கு என்று அவள் சொன்னது தீவுகளைப் பற்றியே இல்லை. எப்படியும் வந்திருக்கும், யார் என்ன செய்திருந்தாலும் வந்திருக்கும் என்று யாராவது சொல்லவேண்டும் அவளுக்கு. நாலு வருஷமாக அந்தப் பதினாலு என்ற எண்ணை வைத்துக்கொண்டு தன்னைத் தானே அளந்துகொண்டிருக்கிறாள். அது அரசாங்கங்கள் அறைக்கதவில் ஒட்டிய எண். எவ்வளவு தள்ளிப்போனாலும் அதற்குள் தெரிந்துவிடும் என்று போட்ட எல்லை. அப்போது பரவிய டெல்டா வகை பெரும்பாலும் நாலைந்து நாளிலேயே வெளியே தெரிந்துவிடும். அவள் வந்தபோது சோதனை இல்லை என்று காட்டியது, இருந்த ஏழு நாளில் ஒரு தும்மல் இல்லை, போன பிறகும் ஒன்றும் வரவில்லை. இதையெல்லாம் நான் எப்போதோ சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும்.

மிச்சத்தையும் சொன்னேன். தீபாவளிக்கு முந்தின நாள், மூன்றாம் தேதி, நாலாம் வகுப்பில் ஒரு பையன் விடாமல் இருமினான். ஒன்பது வயசு. அவன் எழுதிய 'ழ'வைத் திருத்த அவன் கையைப் பிடித்து, பக்கத்தில் குனிந்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முகக்கவசம் தாடையில் இருந்தது. ஏழாம் தேதி எனக்குத் தொண்டை கரகரத்தது. சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன். அன்றைக்கு அம்மாவுக்கு நான்தான் கால் பிடித்துவிட்டேன். அதிலிருந்து நாலு நாள், அக்கா. நாலே நாள்.

போனில் வெகுநேரம் ஒன்றும் இல்லை. அங்கே சேவல் கூவியது கேட்டது. என் வீட்டுக்காரர் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கா அழுகிறாளா என்று தெரியவில்லை. மறுபடி அவள் பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"அந்தப் பையன் எப்படி இருக்கான் இப்போ?"

நன்றாக இருக்கிறான் என்றேன். காலேஜுக்குப் போகிறான் (எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர்), என்னைவிட உயரமாகிவிட்டான். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், பையை இறக்கி வைத்துவிட்டு, "வணக்கம் மிஸ்" என்றான்.